கோபுரம் ஏறியது பற்றிய திருத்தம்

அன்று அங்கே உடனிருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, பழைய காவல் கோபுரத்தின் சாவியை இடுப்பில் செருகியிருந்த காவலாளி, எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் அவருடைய தங்கை. இவ்வளவுதான். சுண்ணாம்பு அடிக்கும் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, அங்கே இல்லை. இருநூறு கிலோமீட்டர் தள்ளித் தன் வீட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்தான். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். ஏனென்றால் அன்று நடந்ததை நேரில் பார்த்தவனைப்போல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன்தான். குடும்பத்தில் அவனுக்கு வானொலி என்று பெயர். வைத்தவன் நான்.

நான் முப்பத்து நான்கு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன். கடைசிப் பதினைந்து வருடம் பதிவாளர். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று போடாத கையெழுத்து எனக்குக் கையெழுத்தே இல்லை. நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கிவரச் செய்திருக்கிறேன். அவர் வீட்டார் வாசலில் நின்று என்னை வாழ்த்திய வாழ்த்து இன்னும் காதில் இருக்கிறது. நாளைய தேதி போட்ட பத்திரத்தை இன்றைக்குக் கொண்டுவந்தால் விரலால்கூடத் தொடமாட்டேன். “நடந்ததைத்தான் எழுதணும். எழுதி வச்சுட்டு நடத்தக் கூடாது” என்று புதிதாக வரும் எழுத்தர்களுக்கெல்லாம் சொல்வேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

ஓய்வு பெற்றதும் ஒரு கார் வாங்கினேன். வெளிர் நீலம். மூன்றாவது கியர் போடும்போது மட்டும் முனகும். வருடத்துக்கு ஏழு நாள் நானும் மனைவியும் அதில் ஊர் பார்க்கக் கிளம்புவோம். கோட்டை, ஏரி, அரண்மனை, அருவி, பழைய பாலம் என்று பதினோரு வருடத்தில் ஒன்றையும் விடவில்லை. அவள் இடுப்புக்குப் பின்னால் ஒரு திண்டு, காலுக்கு இடையில் ஃபிளாஸ்க், மடியில் நான் தயாரித்த அட்டவணை. ஓர் இடத்துக்கு நாற்பது நிமிடம். அதில் கார் நிறுத்தப் பத்து, அறிவிப்புப் பலகைகளைப் படிக்கப் பதினைந்து, பார்க்கப் பத்து. மிச்சம் ஐந்து நிமிடம் மனைவியைத் திரும்பக் காரில் ஏற்ற. அந்த ஐந்து நிமிடம் ஒருநாளும் போதவில்லை. போன இடத்தில் அவள் எவளோ ஒருத்தியோடு பேச உட்கார்ந்துவிடுவாள். எனக்கு ஒவ்வோர் ஊரிலும் கார் நிறுத்திய இடம் நன்றாக நினைவிருக்கிறது. மற்றது பலகையில் எழுதியிருந்தது.

ஒவ்வொரு பயணத்திலும் வானொலியின் வீட்டு முகவரிக்கு நான் ஒரு கடிதம் எழுதுவது வழக்கம். அவன் வீட்டுக் கூடம் பெரிது, குரலும் பெரிது. நாங்கள் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே கூடுவோம். என் மகள், மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் அவன் கடிதத்தை உரக்கப் படிப்பான். போனில் அனுப்பலாமே என்று மகள் சொல்வாள். தபால் முத்திரை விழாத எதையும் நான் மதிப்பதில்லை என்று பதில் சொல்வேன். முத்திரை பற்றி நான் சொன்ன இந்தப் பதிலையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருடம் கடிதத்தைப் போன இடத்திலேயே எழுதினேன். நாள் முழுவதும் கார் ஓட்டிவிட்டு விடுதி அறையில் பேனாவோடு உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் தலை தொங்கிவிடும். இரண்டாம் வருடம் தலையணை உறையெல்லாம் மை. கடிதம் நாங்கள் வீடு திரும்பி நான்கு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. “அத்தான், நீங்க வந்துட்டீங்க. உங்க லெட்டர் இன்னும் ஊர் சுத்திப் பாத்துட்டிருக்கு” என்றான் வானொலி. கூடமே சிரித்தது. சம்பந்தி சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் வருடத்திலிருந்து வீட்டில் வைத்தே, கிளம்புவதற்கு முன்பே, வழிகாட்டிப் புத்தகங்களைப் பார்த்து எழுதிவிடத் தொடங்கினேன். வெயிலா மழையா என்பதற்கு ஓர் இடம் விட்டிருப்பேன். மனைவி என்ன சொன்னாள் என்பதற்கும் முதலில் இடம் விட்டேன். ஆனால் அவள் சொல்வது எதுவும் கடிதத்துக்கு உதவாது. நூற்று இருபது அறை உள்ள அரண்மனையில் நின்று, “இத்தனையும் யாருங்க பெருக்குவாங்க?” என்றாள். அதை எழுதி அனுப்ப முடியுமா? எனவே அந்த இடத்தையும் நானே நிரப்பிவிட்டேன். “முன்னோரின் கலைத்திறன் கண்டு உங்கள் அக்கா நெகிழ்ந்து நின்றாள்.” இப்படி அவள் எட்டு வருடமாக நெகிழ்ந்தும் வியந்தும் வந்திருக்கிறாள். ஓர் அருவியில் கண்ணீரும் விட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாது. கூடவே போய் வந்தவளுக்குக் கடிதத்தைக் கேட்க என்ன இருக்கிறது? படிக்கும் நேரத்தில் தம்பி மனைவியோடு சமையலறையில் இருப்பாள்.

இன்னொரு விஷயமும் கடிதத்தில் தவறாமல் இருக்கும். “உங்கள் அக்காவின் முழங்கால் வலி காரணமாக உச்சிக்கு ஏறவில்லை.” இந்த முழங்கால் பிறந்த கதையையும் சொல்லவேண்டும். முதல் வருடம் ஒரு கோட்டை. மேலே கூட்டிப்போக ஆள் தயாராக நின்றார். நான் சுவரின் உயரத்தைப் பார்த்தேன். உடனே கண்ணைக் கீழே அறிவிப்புப் பலகைக்கு இறக்கினேன். “இவளுக்கு முழங்கால்” என்று அந்த ஆளிடம் சொன்னேன். என் மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து முழங்காலில் கை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு உயரமான இடம் எது வந்தாலும் அவளுக்கு வலிக்கும். நான் கீழே நின்று பலகை படிப்பேன்.

சென்ற வருடம் கடிதம் படித்து முடித்ததும் வானொலி அதை மடித்துக்கொண்டே சொன்னான்: “அத்தான் பத்து வருஷமா அடிவாரமாவே பாத்துட்டு வர்றார். மேல என்ன இருக்குன்னு இந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.”

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். பெண் கொடுத்த இடத்தில் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த பயணத்தில் ஏறியே தீர்வது என்று அன்று முடிவு செய்தேன்.

தேர்ந்தெடுத்தது ஒரு மலைச்சரிவின் விளிம்பில் நிற்கும் காவல் கோபுரம். பழைய போர்க்காலத்தில் கட்டியது. இருநூற்றுப் பதினான்கு படி என்று புத்தகம் சொன்னது. வீட்டு மொட்டைமாடிப் படியில் ஒரு மாதம் பயிற்சி செய்தேன். இருபத்திரண்டு படி. கண்ணை மூடிக்கொண்டு ஏறினால் நன்றாகவே வந்தது. கடிதத்தை எழுதினேன். “இருநூற்றுப் பதினான்கு படிகளையும் ஏறி உச்சியை அடைந்தோம். அங்கிருந்து பார்த்தபோது, ‘உலகம் சிறியதாகத் தெரிகிறது, நம் குடும்பம்தான் பெரியதாகத் தெரிகிறது’ என்றாள் உங்கள் அக்கா.” எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன். போதாமல் மூன்றாம் முறையும் படித்தேன்.

பயணத்தின் ஐந்தாம் நாள் பதின்மூன்றாம் தேதி. ஒரு சிறு நகரத்தில் தங்கினோம். கோபுரம் மறுநாள் காலையில். விடுதிக்கு எதிரிலேயே தபால் நிலையம். மலைக்குப் போனால் அங்கே தபால் பெட்டி இருக்குமோ இருக்காதோ, ஞாயிறுக்குள் கடிதம் போய்ச் சேரவேண்டும். கோபுரம் எங்கே ஓடிவிடப் போகிறது? கடிதத்தின் தலைப்பில் பதினான்கு என்று தேதி போட்டு, வெயில் என்று எழுதி, ஒட்டி, உள்ளே போய்க் கொடுத்தேன். தபால்காரர் என் கண் முன்னாலேயே முத்திரை குத்தினார். முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்திய எனக்கு அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது. என்ன குத்தினார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் மழை தூறியது. இது முதல் சகுனம் என்று சொல்லமாட்டேன். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. கோபுரத்துக்குக் கீழே காரை நிறுத்தி இறங்கினால் கதவில் ஒரு பலகை தொங்கியது. பராமரிப்புப் பணி நடக்கிறது, பார்வையாளருக்கு அனுமதி இல்லை. மூன்று வாரத்துக்கு முந்திய தேதி. பலகைகளை நான் எப்போதும் ஆசையாகப் படிப்பவன். இதை நான்கு முறை படித்தேன்.

“மூடியிருக்குன்னா வாங்க, ஏரிக்குப் போலாம்” என்றாள் மனைவி.

ஏரிக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் வானொலி சும்மா இருப்பவன் அல்ல. ஒரு போன் செய்தால் கோபுரம் மூன்று வாரமாக மூடியிருப்பது தெரிந்துவிடும். அதை அவன் சம்பந்தியின் முன்னிலையில் ஒலிபரப்புவான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் இந்தக் கோபுரத்தில் ஏறியவனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பொய்ப் பத்திரம் எழுதிய பதிவாளராக இருக்கவேண்டும். வேறு வழி இல்லாமல் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் நகலைக் கேட்டாள். நகல் எடுக்காமல் நான் எதையும் அனுப்பமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். காரிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழுவதையும் நிதானமாகப் படித்தாள். முன் கண்ணாடியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் துடைப்பானைப் போட்டேன். பிறகு நிறுத்தினேன். பிறகு மறுபடி போட்டேன்.

“இதை நான் எப்ப சொன்னேன்?”

“இன்னைக்குச் சொல்றதா இருந்துது.”

“மத்த வருஷமும் இப்படித்தானா?”

நான் துடைப்பானை நிறுத்தினேன்.

“அருவியில நீங்க அழுதீங்களாமே அண்ணின்னு தம்பி பொண்டாட்டி கேட்டா. நான் அன்னைக்குக் கார்ல தூங்கிட்டிருந்தேன். இவளுக்கு ஏன் இப்படியெல்லாம் தோணுதுன்னு அவளைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.”

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் தாளை மடிப்புக் கலையாமல் மடித்து உறையில் போட்டாள். “சரி. எழுதியாச்சு, அனுப்பியாச்சு. இனி ஏறித்தானே ஆகணும்?” என்று கதவைத் திறந்தாள்.

காவலாளியிடம் நான் பேசினேன். என் பழைய பதவி, என் வயது, நாங்கள் வந்த தூரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “ஆர்டர் இல்லாம திறக்க முடியாதுங்கய்யா” என்றார். குரல், முகம், பேசும்போது மேசைமேல் ஆள்காட்டி விரலால் தட்டும் பழக்கம், எல்லாம் பதிவாளர் நாற்காலியில் இருந்த என்னுடையவை. அவருக்கு மேசை இல்லாததால் முழங்காலில் தட்டினார். நாற்காலியோடு தூக்கிவரப்பட்ட அந்தப் பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது. காவலாளியை உள்ளுக்குள் மெச்சிக்கொண்டே திரும்பி வந்தேன்.

என் மனைவி இதற்குள் எதிர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தாள். நான் பலகையை ஐந்தாம் முறை படித்துக்கொண்டிருந்த நேரத்தில் கடைக்காரம்மா காவலாளியின் தங்கை என்பதும், அவளுக்கு இரண்டு பெண்கள் என்பதும், மூத்தவளுக்கு வரன் பார்ப்பதும், கோபுரத்தின் படியில் ஒரு பழுதும் இல்லை, உள்சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிக்கிறார்கள் என்பதும் என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அந்தம்மா கடையிலிருந்தே, “அண்ணே, பெரியவங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வரட்டுமே” என்றாள். காவலாளி எழுந்தார். என்னைப் பார்க்காமல் சாவியை எடுத்தார்.

“ஒவ்வொருத்தராத்தான் போகணும். சுவர்ல ஒட்டாதீங்க, சுண்ணாம்பு காயல.”

குடும்பத் தலைவன் என்ற முறையில் நான் முதலில் போனேன்.

சுழல்படி. கல். ஓர் ஆள் தோளைக் குறுக்கினால் போகலாம். கைப்பிடி கிடையாது. கண்ணை மூடிக்கொள்ளும் பயிற்சி உதவவில்லை. என் வீட்டுப் படி நேராகப் போவது. இது கண்ணை மூடினால் சுவரில் கொண்டுபோய் மோதுகிறது. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன். பதினேழாம் படியில் சுவரில் பிளவுபோல் ஒரு குறுகிய ஜன்னல். அந்தப் பக்கம்தான் சரிவு என்பது எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டேன். கீழே ஒரு மரத்தின் உச்சி தெரிந்தது. அதற்கும் கீழே இன்னொரு மரத்தின் உச்சி. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதைவிட, படி என்னைப் பிடித்து உட்காரவைத்தது என்பது சரி. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இரண்டு கையும் இரண்டு பக்கச் சுவரையும் தாங்கிக்கொண்டிருந்தன. நான் கையை எடுத்தால் கோபுரம் விழுந்துவிடும் என்பதுபோல் இருந்தது.

எண்ணும் சத்தம் நின்றதை வைத்து மனைவி கீழிருந்து கேட்டாள். “எத்தனாவது படி?”

“பதினேழு.”

 பிறகு அவள் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருத்தராத்தான் என்றேனே என்று காவலாளி சொல்வதும், அவர் தங்கை அவரை ஏதோ அதட்டுவதும் கேட்டது. மனைவி வந்து எனக்கு இரண்டு படி கீழே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். முதல் வருடம் கோட்டை வாசலில் பார்த்த அதே பார்வை.

“கொஞ்சம் ஒதுங்கிக்கங்க” என்றாள்.

“உன் முழங்கால்...” என்று என் வாய் தானாகச் சொன்னது. பதினோரு வருடப் பழக்கம்.

“அது கீழ கார்ல இருக்கு.”

என் தோளில் கை ஊன்றி, என்னைத் தாண்டி, மேலே போனாள். அறுபத்தாறு வயது. காலடிச் சத்தம் ஒரே சீராக இருந்தது. எங்கும் நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி மேலே போய்க் கேட்காமல் ஆயிற்று.

நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்க்க ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது, எடுத்தேன், கோபுரம் விழவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மேலே என்ன செய்கிறாள்? அங்கே பேசுவதற்கு ஒருத்தியும் இருக்கமாட்டாளே? அட்டவணையில் ஓர் இடத்துக்கு நாற்பது நிமிடம் என்று போட்டவன் நான். அவள் அதில் ஒரு நிமிடம்கூட விடவில்லை.

இறங்கி வரும்போது அவள் தலைமுடி கலைந்திருந்தது. கன்னத்தில் சுண்ணாம்பு. மூச்சு வாங்கியது, ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. எப்படி என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நெகிழ்ந்து, வியந்து என்ற என் இரண்டு சொற்களும் பொருந்தவில்லை.

“மேல என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“நீங்கதான் எழுதிட்டீங்களே” என்றாள்.

பதினேழு படியையும் நான் உட்கார்ந்தபடியே இறங்கினேன். ஒரு படி, ஒரு மூச்சு. காவலாளி எனக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கி, என் காலை எடுத்து எடுத்து அடுத்த படியில் வைத்தார். “அவ்வளவுதாங்கய்யா, இன்னும் மூணு, இன்னும் ரெண்டு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெளியே வந்தபோது என் கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கடைக்காரம்மா ஈரத்துணி கொடுத்தாள். அதைக்கொண்டு துடைத்ததில் இன்னும் பரவியது. மீதிப் பயணம் முழுவதும் வண்டியில் பழைய செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து ஓட்டினேன். மனைவி ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், வழியில் லாரி வருகிறது என்றாள், ஊர்ப் பலகைகளைப் படித்துச் சொன்னாள். கோபுரத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நான் நான்கு முறை கேட்டேன். நான்காம் முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வானொலியின் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இந்த முறை என் மனைவி சமையலறைக்குப் போகவில்லை. எனக்கு எதிரில், சம்பந்தியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வானொலி எழுந்து நின்று படித்தான். இருநூற்றுப் பதினான்கு படியும் ஏறி உச்சியை அடைந்தோம் என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்துத் தலையாட்டினான். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பந்தியின் முகத்தில் நான் பதினோரு வருடமாகத் தேடிய ஒன்று தெரிந்தது. அப்படியே முடிந்திருக்கலாம். ஆனால் அவன் கடிதத்தை உறைக்குள் போடும்போது உறையைத் திருப்பிப் பார்த்தான்.

“அத்தான், லெட்டர்ல தேதி பதினாலு.”

“ஆமாம்.”

“முத்திரை பதிமூணு.”

வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முத்திரைகளைச் சரிபார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்றைப் பார்க்கவில்லை. உறை கைமாறியது. மாப்பிள்ளை பார்த்தார், சம்பந்தி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். தேதி விவகாரங்களில் என் மேசைமுன் நின்று எத்தனையோ பேர் விழித்திருக்கிறார்கள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அதை நான் உள்ளிருந்து பார்த்தேன்.

“அக்கா, நீ சொல்லு. ஏறினீங்களா, இல்லையா?” என்றான் வானொலி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“நான் ஏறினேன்” என்றாள். “இருநூத்திப் பதினாலு இல்ல. இருநூத்திப் பதினொண்ணு. போகும்போதும் எண்ணினேன், வரும்போதும் எண்ணினேன்.”

“மேல என்ன இருந்துது?”

அவள் சொன்னாள். நானும் மற்றவர்களோடு உட்கார்ந்து அப்போதுதான் கேட்டேன். மேலே ஆள் உயரத்துக்குச் சுவர், நான்கு பக்கமும் திறப்பு. ஒரு பக்கம் ஏரி. ஆனால் அவள் அதிக நேரம் நின்றது பின்பக்கம். அங்கே ஒரு வீட்டின் கூரைமேல் ஒருவர் ஓடு மாற்றிக்கொண்டிருந்தாராம். ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பார்த்து வைத்தாராம். கீழே ஒரு பெண் தூறல் வருகிறதென்று கொடியிலிருந்து துணியை எடுத்தாள், தூறல் நின்றதும் மறுபடி காயப்போட்டாள், மறுபடி எடுத்தாள். முன்பக்கத் திறப்பில் எங்கள் கார். “டிக்கியைத் திறந்தே போட்டுட்டு வந்திருக்கார். மேல இருந்து பாத்தா எல்லாமே தெரியுது, திண்டு, குடை, இவரோட செருப்புப் பை. ஒரு நாய் வந்து எல்லாத்தையும் மோந்து பாத்துட்டு, ஒண்ணும் புடிக்காம போயிடுச்சு.” கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். “எனக்கு இறங்கவே மனசு வரல” என்று முடித்தாள்.

பதினோரு கடிதத்தில் நான் எழுதிய எதையும் அந்தக் கூடம் இப்படிக் கேட்டதில்லை.

“அத்தானும் ஏறினாரா?” வானொலி விடுகிறவன் இல்லை.

“அவரும் வந்தார்” என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நானும் வந்தேன்தான். ஆனால் வானொலிக்கு அந்த இரண்டு சொல் போதும். மூடிய கோபுரம் (போன் செய்து விசாரித்திருக்கிறான்), சுண்ணாம்பு படிந்த கால்சட்டை (அதை என் மகள் வெளுக்கப் போட்டபோது பார்த்துவிட்டாள்), அவரும் வந்தார், இவற்றை வைத்து ஒரு வாரத்தில் அவன் ஒரு சரித்திரமே கட்டிவிட்டான். நான் தடையை மீறிப் பிடிவாதமாக உச்சி வரைக்கும் போனேனாம். அங்கே காற்றில் மயங்கி விழுந்தேனாம். சுண்ணாம்பு அடிக்கும் ஆட்கள் நான்கு பேர் என்னைத் தூக்கி இறக்கினார்களாம். சம்பந்தி போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். “இந்த வயசுலயும் உச்சி வரைக்கும் போனீங்களே, அதைச் சொல்லுங்க” என்றார். குரலில் உண்மையான மரியாதை. நான், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். மாற்றிவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். “விட்டுடுங்களேன். ஏறினதாவே இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். சொல்லும்போதே, விருந்தாளி யாரும் இல்லாத வீட்டில், அவள் கை தானாக முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் எனக்கு விட முடியவில்லை. பதிவான ஆவணத்தில் பிழை இருந்தால் அதை எழுதியவனே முன்வந்து திருத்தவேண்டும் என்பது நான் பிறருக்கு விதித்த விதி. ஆகவே இதை ஐந்து பிரதி எடுத்து, இன்றைய தேதியிட்டு, இன்றே தபாலில் சேர்க்கிறேன். முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். ஞாயிற்றுக்கிழமை வானொலி இதைச் சம்பந்தியின் முன்னிலையில் உரக்கப் படிக்கவேண்டும். எந்த வரியையும் விடக்கூடாது.

நான் உச்சியில் மயங்கி விழவில்லை. உச்சிக்கு நான் போகவே இல்லை. நால்வர் என்னைத் தூக்கவில்லை. பதினேழாம் படியில் பயந்து உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே இறங்கினேன். என் மனைவி அருவியில் அழவில்லை. அவளுக்கு முழங்கால் வலி என்று பதினோரு வருடமாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கிளப்பியவன் நான். அவள் முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை.